இரட்டைக் குழந்தை, முதல் பாப்பா தலை கீழே: வலி வரட்டும் என்று விடலாமா, தேதி வைத்து ஆபரேஷனா?

மாரண்டஅள்ளி மருமகள்:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 34 வாரம் நடக்கிறது, இரட்டைக் குழந்தைகள். மூத்தவளுக்கு நாலு வயது. தர்மபுரி அரசு மருத்துவமனையில் நார்மலாகப் பிறந்தவள். மதியம் இடுப்பு வலி என்று போனேன், விளக்கு வைக்கிற நேரத்துக்குள் பிறந்துவிட்டாள். இந்த முறையும் அப்படித்தான் இருக்கும் என்று நானாக ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

செக்கப்புக்குப் போகிற தனியார் மருத்துவமனையில் டாக்டரம்மா தெளிவாகச் சொல்லிவிட்டார்: "ட்வின்ஸ் என்றால் நான் சிசேரியன்தான் செய்வேன். ரெண்டாவது குழந்தைக்கு ஏதாவது ஆனால் யார் பதில் சொல்வது?" சரி, இன்னொருவரையும் கேட்போம் என்று அதே ஸ்கேன் பேப்பரை எடுத்துக்கொண்டு அரசு மருத்துவமனைக்குப் போனேன். அங்கே பார்த்த டாக்டர், "முதல் குழந்தை தலை கீழே இருக்கு, உனக்கு ஏற்கெனவே ஒரு சுகப்பிரசவம் ஆகியிருக்கு, எதுக்கு அவசரம்?" என்கிறார். இரண்டு பேரும் அனுபவசாலிகள். இரண்டு பேரும் பொறுமையாகத்தான் பேசினார்கள். ஒரே வயிற்றுக்கு எப்படி இரண்டு பதில் வரும்?

ஸ்கேனில் எழுதியிருப்பது: டைகோரியானிக் டைஅம்னியாடிக். முதல் குழந்தை தலை கீழே, ஏறக்குறைய 2 கிலோ. இரண்டாவது குறுக்கே படுத்திருக்கிறது, 1 கிலோ 900. இரண்டுக்கும் தண்ணீர் சரியாக இருக்கிறது. எனக்கு பிரஷர் இல்லை, சர்க்கரை இல்லை. ஹீமோகுளோபின் மட்டும் 9.6.

வீட்டில் ஆளுக்கொரு பேச்சு. அத்தைக்குச் சித்திரை பயம். சித்திரையில் பிள்ளை பிறந்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று, பங்குனி கடைசி வாரத்தில் ஒரு நல்ல நாளை ஜோசியரிடம் குறித்து வாங்கிவந்துவிட்டார். அன்றைக்கு எனக்கு 36 வாரம்தான் ஆகியிருக்கும். என் கணவர் ஓசூரில் கம்பெனி வேலை, ஷிப்ட். ஆபரேஷன் என்றால் லீவு முன்கூட்டியே சொல்லலாம், குடும்பக் கட்டுப்பாடும் அதோடு முடிந்துவிடும் என்கிறார். என் அம்மா காவேரிப்பட்டினத்தில் இருக்கிறார். "பச்சை உடம்போடு, வயிற்றில் தையலோடு, ரெண்டு கைக்குழந்தையையும் ஒரு நாலு வயதுப் பெண்ணையும் எப்படிப் பார்ப்பாய்?" என்பது அவர் கவலை. மாங்காய் சீசன் வேறு தொடங்கிவிடும், அப்பா மண்டியே கதி என்று இருப்பார்.

என் பயம் எல்லாவற்றையும்விட வேறு. முதல் குழந்தை நார்மலாக வந்து, இரண்டாவதுக்கு வயிற்றைக் கிழிக்க வேண்டிவந்தால்? இரண்டு வலியையும் நானே பட வேண்டும். இரட்டைக் குழந்தை பெற்றவர்கள், விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

தளி ரோடு:

சகோதரி, எங்களுக்கும் இரட்டைக் குழந்தைகள், இப்போது ஸ்கூல் போகிறார்கள். ஓசூரில் தேதி வைத்து சிசேரியன் செய்துகொண்டோம். முதுகில் ஊசி போட்டார்கள், மனைவி விழித்துக்கொண்டே இருந்தார், இரண்டு குழந்தைகளும் அடுத்தடுத்து வெளியே வந்துவிட்டன. மறுநாள் எழுந்து நடக்க வைத்தார்கள். முதல் ஒரு வாரம் சிரிக்கவும் இருமவும் தும்மவும் முடியாமல் வயிற்றில் தலையணையைப் பிடித்துக்கொண்டிருந்தார். பால் வருவதற்குக் கொஞ்சம் தாமதம் ஆனது. அப்புறம் எல்லாம் சரியாகிவிட்டது.

என் கருத்து எளிது. ரிஸ்க் எடுக்க இது ஒரு குழந்தை இல்லை, இரண்டு. டாக்டரே சிசேரியன் என்று சொன்னபிறகு ஏன் யோசிக்க வேண்டும்?

---

ஓய்வுபெற்ற லேபர் வார்டு நர்ஸ், கிருஷ்ணகிரி:

கண்ணு, நான் தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் பிரசவ வார்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கொஞ்சம் நீளமாக எழுதுவேன், உட்கார்ந்து படி. நீ கேட்டதிலேயே நல்ல கேள்வி, ஒரே வயிற்றுக்கு எப்படி இரண்டு பதில் வரும் என்பதுதான். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் உன் ஸ்கேன். டைகோரியானிக் டைஅம்னியாடிக் என்றால் இரண்டுக்கும் தனித்தனி நஞ்சு (நஞ்சுக்கொடி), தனித்தனிப் பனிக்குடம். இரட்டைகளில் இதுதான் தொல்லை குறைந்த வகை. மூன்றாம் மாத ஸ்கேனில்தான் இது தெளிவாகத் தெரியும். அதனால் அந்தப் பழைய பேப்பரை எங்கேயாவது போட்டுவிடாதே. இரண்டு குழந்தைக்கும் ஒரே நஞ்சாக இருந்தால் ஒன்றின் ரத்தம் இன்னொன்றுக்குப் போய்விடும் ஆபத்து உண்டு. 16 வாரத்தில் இருந்தே இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஸ்கேன் பார்க்க வேண்டும், 36 வாரத்தை ஒட்டிப் பிரசவத்தை முடித்துவிடுவார்கள். ஒரே பனிக்குடத்துக்குள் இரண்டும் இருந்தால் தொப்புள்கொடிகள் சிக்கிக்கொள்ளும் என்று 32-இல் இருந்து 34 வாரத்துக்குள் சிசேரியன்தான், பேச்சே கிடையாது. உனக்கு இரண்டும் இல்லை. உன் குழந்தைகள் 37 வாரம் முடிகிறவரை உள்ளே இருக்கலாம், இருக்க வேண்டும்.

அடுத்தது படுத்திருக்கும் விதம். வெளியே வரும் வாசலில் நிற்பது எது என்பதுதான் கணக்கு. அதன் தலை கீழே இருந்தால் நார்மலுக்கு முயற்சி செய்யலாம். முதல் குழந்தை உட்கார்ந்திருந்தாலோ (தலை மேலே, பிட்டம் கீழே) குறுக்கே கிடந்தாலோ பெரும்பாலும் சிசேரியன் என்றே முடிவெடுப்பார்கள். உன் இரண்டாவது குழந்தை குறுக்கே கிடக்கிறது என்று இப்போது பயப்படாதே. முதல் குழந்தை வெளியே வந்ததும் உள்ளே இடம் காலியாகும், அப்போது அது எப்படித் திரும்பும் என்று இன்றைக்கு யாராலும் சொல்ல முடியாது. சில சமயம் தானே தலையைக் கீழே கொண்டுவரும். வராவிட்டால் டாக்டர் வெளியில் இருந்து வயிற்றைப் பிடித்துத் திருப்புவார். இல்லையென்றால் உள்ளே கைவிட்டுக் காலைப் பிடித்து இறக்குவார். கேட்க பயமாக இருக்கும். ஆனால் பழகிய கைக்கு அது சில நிமிட வேலை. பழகாத கை அதைத் தொடக்கூடாது.

இதைப் பற்றி 2013-இல் பெரிய ஆராய்ச்சி ஒன்று வெளியானது. கனடா டாக்டர்கள் முன்னின்று, 25 நாடுகளில், 2,800 கர்ப்பிணிகளுக்கு மேல் சேர்த்துச் செய்தது. எல்லோருக்கும் முதல் குழந்தை தலை கீழே, 32 முதல் 38 வாரம். பாதிப் பேருக்குத் தேதி வைத்த சிசேரியன், பாதிப் பேருக்கு நார்மல் முயற்சி. குழந்தைக்கு உயிராபத்தோ பெரிய பாதிப்போ வந்தது இரண்டு பக்கத்திலும் நூற்றுக்கு இரண்டை ஒட்டித்தான், சிசேரியனால் அது குறையவில்லை. தளி ரோடு தம்பி இதைக் கவனிக்க வேண்டும். ஆனால் அதே ஆராய்ச்சியில் இன்னொன்றும் இருக்கிறது, நார்மல்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள் கவனிக்க வேண்டியது. நார்மல் முயற்சி என்று போனவர்களில் நூற்றுக்கு 44 பேருக்குக் கடைசியில் சிசேரியன்தான் ஆனது. நீ பயப்படுகிறாயே, ஒன்று நார்மல், ஒன்று ஆபரேஷன், அது நூற்றுக்கு நான்கு பேருக்கு. இல்லவே இல்லை என்று உனக்கு ஆறுதல் சொல்ல மாட்டேன். ஒரு முறை நார்மலாகப் பெற்ற உடம்புக்கு மறுபடியும் நார்மல் ஆக வாய்ப்பு கூடுதல், அது உன் பக்கம்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். அந்த ஆராய்ச்சியில் சேர்ந்த மருத்துவமனைகளுக்கு நிபந்தனை உண்டு. இரட்டைப் பிரசவம் பார்த்துப் பழகிய டாக்டர் கூடவே இருக்க வேண்டும், தேவைப்பட்டால் அரை மணிக்குள் சிசேரியன் செய்ய முடிய வேண்டும். தனியார் மருத்துவமனையில் உன் டாக்டரம்மா ஒருவர். மயக்க டாக்டர் வெளியில் இருந்து போன் போட்டு வரவழைக்கப்படுபவர், குழந்தை டாக்டரும் அப்படியே. ராத்திரி இரண்டு மணிக்கு உனக்கு வலி வந்து, முதல் குழந்தை பிறந்து, இரண்டாவதின் கொடி முன்னால் வழுக்கி விழுந்தால், அவர் யாருக்காகக் காத்திருப்பார்? பகலில், எல்லோரையும் வரச் சொல்லி வைத்துக்கொண்டு சிசேரியன் செய்கிறேன் என்று அவர் சொல்வது அவருடைய இடத்துக்குச் சரியான பதில். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சீமாங்க் என்ற அவசரத் தாய்-சேய் சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. பிரசவ டாக்டர், மயக்க டாக்டர், குழந்தை டாக்டர், தியேட்டர், ரத்த வங்கி, பச்சிளம் குழந்தைகள் வார்டு எல்லாம் ஒரே வளாகத்தில். அங்கே இருப்பவர் பொறுத்துப் பார்ப்போம் என்று சொல்வதும் சரியான பதில். தர்மபுரியில் மருத்துவக் கல்லூரி 2008-இல் வந்தது, கிருஷ்ணகிரியில் 2022-இல். அதற்கு முன்னால் இரட்டை என்றால் சேலத்துக்கோ பெங்களூருக்கோ அனுப்பி வைத்துவிட்டு, போய்ச் சேர்ந்தார்களா என்று நாங்கள் வார்டில் பதறிக்கொண்டிருப்போம்.

ஆகையால் நீ முடிவெடுக்க வேண்டியது முதலில் இடம். நார்மலுக்கு விடுவதாக இருந்தால் சிறிய இடத்தில் விடாதே. சிறிய இடத்தில்தான் பார்ப்பேன் என்றால் டாக்டரம்மா சொல்கிறபடி ஆபரேஷன் செய்துகொள், அவரோடு சண்டை போடாதே.

பிரசவ அறையில் என்ன நடக்கும் என்று தெரிந்தால் பயம் குறையும். இரண்டு குழந்தையின் இதயத் துடிப்பையும் தனித்தனியாகப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். முதல் குழந்தை பிறந்ததும் கொடியை வெட்டி அடையாளம் வைப்பார்கள். ஒற்றைப் பிரசவத்தில் குழந்தை வந்தவுடன் தொடையில் ஒரு ஊசி போடுவோம், கர்ப்பப்பை சுருங்குவதற்கு. உனக்கு இரண்டாவதும் வெளியே வந்தபிறகுதான் அதைப் போடுவோம், உள்ளே ஒன்று இருக்கும்போது போட்டால் கர்ப்பப்பை அதை இறுக்கிவிடும். நடுவில் ஸ்கேன் வைத்து இரண்டாவது எப்படி இருக்கிறது என்று பார்ப்பார்கள், வலி குறைந்துவிட்டால் டிரிப்ஸில் மருந்து ஏற்றுவார்கள். பொதுவாக அரை மணிக்குள் இரண்டாவதும் வந்துவிடும். அறையில் ஆள் நிறைய இருப்பார்கள், கூச்சப்படாதே, ஆள் நிறைய இருப்பது உனக்கு நல்லது. முதுகில் வலி தெரியாத ஊசி, எபிடூரல், கிடைக்குமா என்று முன்னாலேயே கேட்டுவை. வலிக்காக மட்டும் இல்லை. உள்ளே கைவிட வேண்டி வந்தாலும், தியேட்டருக்குப் போக வேண்டி வந்தாலும் அது ஏற்கெனவே இருப்பது வசதி.

உன் பேப்பரில் என்னைக் கவலைப்படுத்துவது ஒன்றுதான், அந்த ஹீமோகுளோபின் 9.6, அது குறைவு. குறுக்கே கிடக்கும் குழந்தைகூட இல்லை. இரட்டை சுமந்த கர்ப்பப்பை அளவுக்கு மீறி விரிந்திருக்கும், பிரசவத்துக்குப் பிறகு சட்டென்று சுருங்காது, ரத்தம் போகும். நார்மல் என்றாலும் போகும், சிசேரியன் என்றாலும் போகும். நாளைக்கே உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய் இரும்புச்சத்து டிரிப்ஸ் ஏற்ற முடியுமா என்று கேள். இன்னும் நாள் இருக்கிறது, ஏறும். இரும்பு மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் ஒன்றாகப் போடாதே, நேரம் விட்டுப் போடு. மாத்திரை போட்ட கையோடு டீ குடிக்காதே. நம் ஊரில் களியும் கீரையும் சாப்பிட்டுவிட்டு உடனே ஒரு டம்ளர் டீ குடிக்கிற பழக்கத்தை நான் வார்டில் திட்டாத நாளில்லை. உன் ரத்த வகை எது, அதே வகை ரத்தம் உள்ள சொந்தக்காரர்கள் இருவர் யார் என்று இப்போதே எழுதிவை.

பங்குனி விஷயம். உன் அத்தைக்கு நான் சொன்னதாகச் சொல்: சித்திரை வெயில் வேண்டுமானால் பச்சைக் குழந்தைக்கு ஆகாது, சித்திரை மாதம் ஒன்றும் செய்யாது. காரணம் எதுவும் இல்லாமல் 36 வாரத்தில் ஆபரேஷன் செய்து எடுத்தால் குழந்தைக்கு நுரையீரலில் நீர் தங்கி மூச்சு வாங்கும் ஆபத்து உண்டு. அப்படி ஆனால் இரண்டும் இன்குபேட்டர் பெட்டியில், நீ மாடியில் வார்டில். நல்ல நேரத்தில் பிறந்த பிள்ளையைப் பார்க்கவே அத்தை கண்ணாடிக்கு வெளியே நிற்க வேண்டியிருக்கும். தேதி வேண்டுமென்றால் 37 வாரத்துக்குப் பிறகு வாங்கி வரட்டும், ஜோசியர்கள் எப்போதும் இன்னொரு தேதி வைத்திருப்பார்கள்.

குடும்பக் கட்டுப்பாட்டுக்காக மட்டும் யாராவது வயிற்றைத் திறப்பார்களா? நார்மல் ஆனாலும் ஏழு நாளைக்குள் தொப்புளுக்குக் கீழே சின்னதாக வெட்டிச் செய்துவிடலாம், தையல் விரலளவுதான். உன் வீட்டுக்காரருக்குச் சொல். அவருக்கு நடக்கும் கத்தியில்லாத ஆபரேஷன் அதைவிடச் சின்னது என்பதையும் சேர்த்துச் சொல், முகம் எப்படிப் போகிறது என்று பார்.

ஒன்று உனக்காக நேர்மையாகச் சொல்ல வேண்டும். சிசேரியன் வேண்டாம் என்று நாங்கள் சொல்வதற்குப் பெரிய காரணம் அடுத்த கர்ப்பம்தான். பழைய தழும்பின் மேல் நஞ்சு ஒட்டிக்கொள்வது போன்ற ஆபத்து அப்போதுதான் வரும். உனக்கு இதோடு முடிவு என்றால் அந்தக் காரணத்துக்கு எடை குறைவு. மிச்சம் இருப்பது உன் அம்மா சொன்னதுதான். தையலோடு மூன்று பிள்ளைகள். அது சின்னக் காரணம் இல்லை.

---

மாரண்டஅள்ளி மருமகள்:

அக்கா, மிக்க நன்றி. கணவரிடம் படித்துக் காட்டினேன். ஆண்கள் ஆபரேஷன் வரி வந்தவுடன் போனைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

ஒரு சந்தேகம். நார்மலுக்கு விடலாம் என்று முடிவு செய்தபிறகு முதல் குழந்தையும் திரும்பிவிட்டால்? பிரசவத்துக்கு முன்னால் மறுபடி ஸ்கேன் பார்ப்பார்களா? இன்னொன்று, நூற்றுக்கு நான்கு பேர் என்றீர்களே, அப்படி ஆனவர்கள் யாராவது இங்கே இருக்கிறீர்களா?

---

ஊத்தங்கரை பொண்ணு:

அந்த நான்கு பேரில் நான் ஒருத்தி.

எனக்கு முதல் பையன் நார்மலாக, சிரமமில்லாமல் வந்துவிட்டான். அழுதான், மார்பில் வைத்தார்கள். இரண்டாவதும் பையன், குறுக்கே இருந்தான். வெளியில் இருந்து அழுத்தித் திருப்பப் பார்த்தார்கள், திரும்பவில்லை. பனிக்குடம் உடைந்ததும் கை முன்னால் வந்துவிட்டது. அப்புறம் யாரும் என்னிடம் அதிகம் பேசவில்லை, கையெழுத்து வாங்கிக்கொண்டு ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். எபிடூரல் எல்லாம் இல்லை, அதனால் முழு மயக்கம் கொடுத்தார்கள். கண் விழித்தபோது இரண்டாவது பையன் குழந்தைகள் வார்டில் இருந்தான். சில நாளில் நன்றாகித் திரும்பி வந்தான். இன்றைக்கு அண்ணனைவிட இவன்தான் உயரம்.

வலியைப் பற்றிக் கேட்டீர்கள். கீழேயும் தையல், மேலேயும் தையல். உட்கார்ந்தாலும் வலி, எழுந்தாலும் வலி. இரண்டு பேருக்கும் பால் கொடுக்க ஒருக்களித்துப் படுப்பதற்கு ஒரு வாரம் ஆளைத் துணைக்கு வைத்துக்கொண்டேன். பொய் சொல்ல விரும்பவில்லை, கஷ்டம்தான்.

ஆனால் எனக்கு அதைவிடக் கோபம், இப்படி ஆகலாம் என்று ஒருவர்கூட முன்னால் சொல்லவில்லை என்பதில். வெளியே நின்ற என் வீட்டாருக்கு, ஒன்று பிறந்துவிட்டது என்று இனிப்பு வாங்கப் போனவர்களுக்கு, திடீரென்று ஆபரேஷன் என்றால் எப்படி இருக்கும்? நீங்கள் இப்போதே தெரிந்துகொண்டு போகிறீர்கள். கணவரிடம், அம்மாவிடம், அத்தையிடம் மூன்று பேரிடமும் சொல்லிவிடுங்கள். அப்புறம் நர்ஸ் அம்மா சொன்ன எபிடூரல். எனக்கு அது இருந்திருந்தால் முழு மயக்கம் தேவைப்பட்டிருக்காது, இரண்டாவது பையன் அழும் சத்தத்தை நானும் கேட்டிருப்பேன்.

---

பாப்பிரெட்டிப்பட்டி அப்பா:

தங்கச்சி, இவ்வளவு யோசித்துத் திட்டம் போடுகிறீர்கள், நல்லது. ஆனால் இரட்டைக் குழந்தைகள் நம் திட்டத்தைக் கேட்டு வருவதில்லை. பாதிக்கு மேல் இரட்டைகள் 37 வாரத்துக்கு முன்னாலேயே பிறந்துவிடுகின்றன என்று எங்கள் டாக்டர் சொன்னார். எங்களுக்கு 32 வாரத்தில் தண்ணீர் உடைந்தது. உள்ளூரில் நுரையீரல் முதிர்வதற்கான ஊசி போட்டு, 108-இல் ஏற்றி, சேலம் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். தொப்பூர் கணவாயில் லாரிக்குப் பின்னால் லாரி. அந்த இறக்கம் முழுவதும் நான் பேசாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். முதல் குழந்தை உட்கார்ந்த நிலையில் இருந்ததால் சிசேரியன்.

எழுத வந்தது பெட்டிக்குப் பிறகு நடந்தது. இரண்டும் ஒன்றரைக் கிலோவை ஒட்டித்தான். கொஞ்சம் தேறியதும், கங்காரு முறை என்று சட்டையைக் கழற்றி மார்போடு கட்டி வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். மனைவிக்குத் தையல் வலி, ஒரே சமயத்தில் இரண்டையும் தாங்க முடியாது. அதனால் ஒன்று அவளிடம், ஒன்று என்னிடம். ஆம்பளை எப்படி என்று என் சித்தப்பா முகம் சுளித்தார். அந்தக் குழந்தை என் நெஞ்சில்தான் தூங்கும். உங்கள் கணவரிடம் இதையும் படித்துக் காட்டுங்கள். லீவை ஆபரேஷன் நாளுக்கு வாங்காமல், குழந்தைகள் வீட்டுக்கு வரும் நாளுக்கு வாங்கி வைக்கச் சொல்லுங்கள். ஆள் தேவைப்படுவது அப்போதுதான்.

பை இப்போதே கட்டி வையுங்கள். 34 வாரம் என்பது இரட்டைக்குக் கடைசி நேரம் மாதிரிதான்.

---

தளி ரோடு:

நர்ஸ் அம்மா எழுதியதைப் படித்தேன். ராத்திரி இரண்டு மணி உதாரணம் புரிந்தது. ஆனாலும் ஒரு சந்தேகம். அரசு மருத்துவமனை என்றாலும் அன்றைக்கு டியூட்டியில் யார் இருப்பார் என்று நமக்குத் தெரியாதே? பழகிய கை என்கிறீர்கள். அந்தக் கை அன்றைக்கு லீவில் இருந்தால்?

---

ஓய்வுபெற்ற லேபர் வார்டு நர்ஸ், கிருஷ்ணகிரி:

தம்பி கேட்டது நியாயம். அதற்குப் பதில், கேட்டுவிட வேண்டும் என்பதுதான். அடுத்த செக்கப்பில் டாக்டரிடமே கேள் கண்ணு: இரண்டாவது குழந்தை குறுக்கே நின்றால் உள்ளே கைவிட்டு எடுப்பீர்களா, சிசேரியனுக்குப் போவீர்களா? ராத்திரியில் யார் இருப்பார்? இதைக் கேட்டதற்காக நல்ல டாக்டர் யாரும் கோபப்படமாட்டார். "குறுக்கே இருந்தால் நாங்கள் சிசேரியன்தான்" என்று அவர் சொன்னால், நாட்டில் உள்ள புள்ளிவிவரம் எல்லாம் உனக்குப் பொருந்தாது, உன் கணக்கு மாறிவிடும். அப்போது இரண்டாவது குழந்தை திரும்பாவிட்டால் நேராகச் சிசேரியன் கேட்பதில் தப்பே இல்லை. அந்தக் கை வித்தை இளம் டாக்டர்களிடம் குறைந்துகொண்டு வருகிறது. தமிழ்நாட்டில் நூறு பிரசவத்தில் 45 சிசேரியன் என்று 2019-21 கணக்கெடுப்பில் வந்தது. இவ்வளவு கத்தி எடுத்தால் கைக்கு எங்கே பழக்கம் வரும்? இது என் பழைய புலம்பல், விடு.

ஸ்கேன் கேட்டாய். வலியோடு வார்டுக்குள் நுழைந்ததும் முதல் வேலையாக ஸ்கேன் வைத்து முதல் குழந்தை எப்படி இருக்கிறது என்று பார்ப்பார்கள், பார்க்காவிட்டால் நீயே கேள். இரட்டையில் முதல் குழந்தையின் தலை இறங்கியபிறகு திரும்புவது அபூர்வம், இடமே இருக்காது. இன்னொன்றும் பார்க்கச் சொல்: இரண்டாவது குழந்தை முதல் குழந்தையைவிட ரொம்பப் பெரிதாக வளர்ந்திருக்கிறதா? அப்படி என்றாலும் நார்மலுக்கு யோசிப்பார்கள். உனக்கு இப்போது இரண்டும் கிட்டத்தட்ட ஒரே எடை, நல்லது.

பனிக்குடம் உடைந்தால் வலி வரட்டும் என்று வீட்டில் காத்திருக்காதே. ரத்தம் பட்டாலோ, அசைவு குறைந்தாலோ, தலைவலியோடு கண் மங்கினாலோ அப்படியே கிளம்பு. குளித்துவிட்டு, சாமி கும்பிட்டுவிட்டு, எல்லாம் வேண்டாம்.

---

மாரண்டஅள்ளி மருமகள்:

எல்லோருக்கும் பதில். இன்றைக்கு அரசு மருத்துவமனைக்குச் செக்கப் போய்விட்டு வந்தேன், அக்கா சொன்ன கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டு போனேன். டாக்டர் தாளை வாங்கிப் பார்த்துச் சிரித்துவிட்டு ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். இரண்டாவது குழந்தை உட்கார்ந்த நிலையில் வந்தால் எடுப்பார்களாம். குறுக்கே வந்தால் திருப்பிப் பார்ப்பார்களாம், திரும்பாவிட்டால் சிசேரியன். எந்த நேரமானாலும் மூத்த டாக்டர் ஒருவரைக் கூப்பிட்டுவிடுவார்கள். எபிடூரலுக்கு உறுதி சொல்ல முடியாது, அன்றைக்கு மயக்க டாக்டர் தியேட்டரில் இல்லையென்றால் போடலாம் என்றார். அதைக் கேட்டபோது ஊத்தங்கரை அக்காவை நினைத்துக்கொண்டேன். பரவாயில்லை, 37 முடிகிறவரை காத்திருந்து நார்மலுக்கு முயற்சி செய்கிறோம். 38 வாரத்துக்குள் வலி வராவிட்டால் அட்மிட் செய்து வலிக்கு மருந்து வைப்பார்கள். முதல் குழந்தை திரும்பிவிட்டால் வாக்குவாதம் செய்யாமல் ஆபரேஷன்.

இரும்பு டிரிப்ஸ் ஒன்று ஏறிவிட்டது. எனக்கு ஓ பாசிட்டிவ். கொழுந்தனாருக்கும் அப்பாவின் மண்டியில் கணக்கு எழுதும் அண்ணனுக்கும் அதே வகைதான், இரண்டு பேரும் சரி என்றுவிட்டார்கள். தனியார் டாக்டரம்மாவிடமும் போய்ச் சொன்னேன். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன், "அங்கே என்றால் தாராளமாக முயற்சி பண்ணு" என்று தன் ரிப்போர்ட்டுகளை எல்லாம் எடுத்துக் கொடுத்தார். அத்தை சித்திரையில் வளர்பிறையாகப் பார்த்து இன்னொரு நாள் குறித்து வந்திருக்கிறார், ஜோசியர் அதற்கும் தனியாகத் தட்சணை வாங்கிக்கொண்டார்.

கடைசியாக ஒன்று. அம்மா வீட்டுக்குப் போய் இருக்கலாமா? காவேரிப்பட்டினத்தில் இருந்தால் கிருஷ்ணகிரி பக்கம். ஆனால் என் பதிவெல்லாம் தர்மபுரி மாவட்டத்தில் இருக்கிறது.

---

ஓய்வுபெற்ற லேபர் வார்டு நர்ஸ், கிருஷ்ணகிரி:

போ, தாராளமாகப் போ. பிக்மி நம்பர், அதாவது உன் கர்ப்பப் பதிவு எண், தமிழ்நாடு முழுவதும் ஒன்றுதான், எந்த அரசு மருத்துவமனையில் சொன்னாலும் எடுத்துக்கொள்வார்கள். உங்கள் கிராம சுகாதார நர்ஸிடம் மட்டும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கிளம்பு, இல்லையென்றால் பாவம் உன்னைத் தேடி வீட்டுக்கு வருவார். ஆனால் போன கையோடு கிருஷ்ணகிரி மருத்துவமனையில் ஒரு செக்கப் போய் அட்டை போட்டுக்கொண்டு, இன்றைக்குக் கேட்ட அதே கேள்விகளை அங்கேயும் கேள். தர்மபுரி டாக்டர் சொன்ன பதில் அவர்களுக்குப் பொருந்தாது. பதில் திருப்தியாக இல்லையென்றால் ஹைவேயில் தர்மபுரிக்கே திரும்பி வந்துவிடு, காவேரிப்பட்டினத்தில் இருந்து ரோடு நல்ல ரோடு. ஃபைலில் மூன்றாம் மாத ஸ்கேனை எல்லாவற்றுக்கும் மேலே வை, ரத்தம் கொடுக்கிற இரண்டு பேர் நம்பரையும் அதன் பின்பக்கத்தில் எழுதிவிடு.